சொந்த நிலத்தில் வேட்டையாட உரிமக் கட்டணம் வேண்டாம் என்பது நியாயமா?

கேள்வி: மேழி (ஓஹாயோ)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஓஹாயோவின் தென்கிழக்குப் பகுதியில் 74 ஏக்கர் நிலம் வாங்கினோம். பாதிக்கு மேல் சரிவான காடு. மீதியைப் பக்கத்துப் பண்ணைக்காரர் குத்தகைக்கு எடுத்து ஓராண்டு சோயாவும் மறு ஆண்டு மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார். அந்தி சாய்ந்தால் காட்டின் விளிம்பிலிருந்து வெண்வால் மான்கள் கூட்டமாக வயலுக்குள் இறங்கும். முளைவிட்ட சோயாவின் முதல் பதினைந்து வரிசைகளை ஒரே வாரத்தில் தரையோடு மேய்ந்துவிட்டன. இந்த இலையுதிர் காலத்தில் நானே வேட்டையாடுவது என்று முடிவு செய்து சட்டத்தைப் படித்தபோது, ஓஹாயோவில் வசிப்பவர் தம் சொந்த நிலத்தில் வேட்டையாட உரிமமும் வாங்க வேண்டியதில்லை, மானுக்குரிய அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. பருவம், எண்ணிக்கை வரம்பு, சுட்ட மானைப் பதிவு செய்தல் ஆகியவை எல்லோருக்கும் போலவே எனக்கும் உண்டு. கட்டணம் மட்டும் கிடையாது.

இதை என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் முப்பது ஆண்டுகளாக மாநிலத்தின் பொது வேட்டை நிலங்களில் வேட்டையாடுகிறவர். சொந்தமாக ஒரு காணி நிலமும் இல்லாதவர். அவர் சொன்ன மறுமொழி என்னைத் தூங்கவிடவில்லை. “நிலம் வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு வேட்டை இலவசம், இல்லாத என்னைப் போன்றவர்கள் ஆண்டுதோறும் பணம் கட்டி அந்த மான்களைக் காப்பாற்றுகிறோம்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அமைதியாகத்தான் சொன்னார்.

என் பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். நிலவரி கட்டுகிறேன். அந்த மான்கள் ஆண்டு முழுவதும் என் காட்டில் உறங்கி, என் வயலில் மேய்கின்றன. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. நில உடைமையாளருக்கு மாநிலங்கள் தரும் இந்தச் சலுகைகளுக்கு உண்மையான அடிப்படை என்ன? உரிமக் கட்டணம் எங்கே போகிறது? நான் கட்டாமல் விடுவதால் யாருக்கு என்ன இழப்பு? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: வரப்பு (வர்ஜீனியா)

நண்பரே, நான் இருக்கும் வர்ஜீனியாவிலும் இதே விலக்கு உண்டு. நில உடைமையாளர், அவருடைய துணைவர், பிள்ளைகள் ஆகியோர் தம் நில எல்லைக்குள் உரிமமின்றி வேட்டையாடலாம். டெக்சஸில் அப்படி இல்லை. அந்த மாநிலத்தின் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தனியாருடையது என்றாலும், மான் வேட்டைக்குப் போகிறவர் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு உடைமையாளராக இருந்தாலும் உரிமம் வாங்கியே ஆக வேண்டும். ஆகவே இந்த விலக்கு ஏதோ இயற்கை நியதியிலிருந்து பிறந்தது அன்று. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தன் வரலாற்றுக்கும் வாக்காளர்களுக்கும் ஏற்ப வகுத்துக்கொண்டது.

சட்டத்தின் நிலையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். இங்கிலாந்தில் வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது. அமெரிக்காவில் அந்த வழி முறிந்தது. உங்கள் காட்டில் நிற்கும் மான் உங்களுடையது அன்று. மக்கள் அனைவர் சார்பிலும் மாநிலம் காத்துவரும் பொதுப்பொருள் அது. 1896-ஆம் ஆண்டு கீர் எதிர் கனெக்டிகட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலமே வனவுயிர்களின் உடைமையாளர் என்னும் அளவுக்குச் சென்றது. 1979-இல் ஹியூஸ் எதிர் ஓக்லஹோமா வழக்கில் அந்தத் தீர்ப்பை விலக்கிக்கொண்டது. என்றாலும், வனவுயிர்களை மக்களுக்காகக் காத்து நிர்வகிக்கும் பொறுப்பு மாநிலத்தினுடையது என்ற அடிப்படை மாறவில்லை. உங்களுக்கு உடைமையாக இருப்பது நிலம் மட்டுமே. அதன்வழி யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. அதுவே பெரிய அதிகாரம் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் நண்பருக்கு அது இல்லை.

இனிப் பணத்தைப் பற்றி. மாநில வனவுயிர்த் துறைகளின் வருவாய் பெரும்பாலும் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று உரிமக் கட்டணம். மற்றொன்று 1937-இல் அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி வரும் நடுவண் அரசுப் பணம். துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் உற்பத்தியாளரிடம் வசூலிக்கப்படும் வரி அது: நீள் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு, கைத்துப்பாக்கிகளுக்கு 10 விழுக்காடு, பின்னாளில் வில்லும் அம்பும் சேர்க்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில் இந்தச் சட்டத்தின் வழியே மாநிலங்களுக்குப் பகிரப்படும் தொகை ஆண்டுக்கு நூறு கோடி டாலரை ஒட்டி இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு விடை, அந்தப் பணம் பிரிக்கப்படும் முறையில்தான் இருக்கிறது. வனவுயிர் மீட்புக்கான தொகையில் பாதி மாநிலத்தின் பரப்பளவைக் கொண்டும், மறுபாதி அந்த மாநிலத்தில் பணம் கொடுத்து உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைக் கொண்டும் பகிரப்படுகிறது. எந்த மாநிலத்துக்கும் அரை விழுக்காட்டுக்குக் குறையாது, ஐந்து விழுக்காட்டுக்கு மேற்படாது. “பணம் கொடுத்து” என்ற சொல்லைக் கவனியுங்கள். உரிமமே வாங்காமல் சொந்த நிலத்தில் வேட்டையாடுகிறவர் அந்தக் கணக்கில் வேட்டைக்காரராகவே எண்ணப்படுவதில்லை. அவர் வாங்கும் தோட்டாவின் வரி வாஷிங்டனுக்குப் போகும். அவர் தலை ஓஹாயோவின் கணக்கில் ஏறாததால் அந்த வரியில் ஒரு பங்கு வேறு மாநிலத்துக்குப் போகும்.

இன்னொன்றும் உண்டு. நடுவண் அரசு திட்டச் செலவில் பொதுவாக 75 விழுக்காடு வரை தரும். மீதி 25 விழுக்காட்டை மாநிலம் போட வேண்டும். மாநிலம் போடும் பணம் பெரும்பாலும் உரிமக் கட்டணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அதாவது உரிமத்தால் வரும் ஒரு டாலர் மூன்று டாலர் நடுவண் பணத்தை இழுத்துவர வல்லது. நீங்கள் கட்டாமல் விடும் தொகை சிறியதே. ஆனால் அதைப் போல ஆயிரக்கணக்கான நில உடைமையாளர்கள் விடும்போது, துறை இழப்பது அந்தத் தொகையை மட்டும் அன்று.

நிலவரி கட்டுவதாகச் சொன்னீர்கள். அது பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் போகிறது. வனவுயிர்த் துறைக்குப் போவதில்லை. இந்த வாதத்தைப் பலர் நல்லெண்ணத்துடனேயே சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் கணக்கு அதற்குத் துணை நிற்பதில்லை.

மறுமொழி 2: புல்லாங்காடு (கொலராடோ)

மேலே எழுதியவரின் கணக்கு சரியானது. ஆனால் அது உரிமச் சாளரத்தின் முன் நின்று பார்க்கும் கணக்கு. வேலிக்கு உள்ளே இருந்து பார்த்தால் வேறு கணக்கு தெரியும் என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

கொலராடோவின் மேற்குச் சரிவில் ஒரு மாட்டுப் பண்ணையின் கணக்கு வழக்குகளைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். கோடையில் எல்க் மான்கள் உயரத்திலுள்ள தேசியக் காடுகளில் மேயும். பனி விழத் தொடங்கியதும் பள்ளத்தாக்குக்கு இறங்கும். பள்ளத்தாக்கு யாருடையது? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நீர்வளம் பார்த்துக் குடியேறியவர்களுடையது, அவர்கள் வழிவந்தவர்களுடையது, அல்லது அவர்களிடமிருந்து வாங்கியவர்களுடையது. மேற்கு மாநிலங்களில் பொதுநிலம் பரந்து கிடந்தாலும், குளிர்காலத்தில் விலங்கு உயிர்பிழைக்கும் தாழ்நிலம் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. மாடுகளுக்காக அடுக்கி வைத்த உலர்புல் போரை முந்நூறு எல்க் மான்கள் சூழ்ந்து நின்றால் அந்தப் பண்ணைக்கு வரும் செலவு உரிமக் கட்டணத்தோடு ஒப்பிடக்கூடியது அன்று. அறுந்த வேலிக் கம்பிகளைக் கட்டுவதற்கே ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு ஆட்களுக்கு ஒரு மாத வேலை இருக்கும்.

மாநிலம் இழப்பீடு தருகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு விதிகள் உண்டு: தன் நிலத்தில் வேட்டையாட விடுவதற்குப் பெருந்தொகை வாங்கும் பண்ணைக்கு இழப்பீடு கிடையாது. அது நியாயமான விதி என்றே கருதுகிறேன். இழப்பீட்டுக்கு அப்பால் இருப்பதுதான் நில உடைமையாளர் முன்னுரிமைத் திட்டம். குறைந்தது 160 ஏக்கர் விளைநிலம் வைத்திருப்பவர், குலுக்கல் மூலம் வழங்கப்படும் உரிமங்களில் தனியே ஒதுக்கிய பங்குக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் உரிமைச் சீட்டைத் தாமே பயன்படுத்தலாம், வேறொருவருக்குக் கைமாற்றியும் தரலாம். சீட்டைப் பெற்றவர் மாநிலத்துக்கு உரிமக் கட்டணத்தை முழுமையாகக் கட்டியே ஆக வேண்டும். ஆகவே ஓஹாயோவின் விலக்கைப் போல இங்கே மாநிலத்துக்கு இழப்பு ஏற்படுவதில்லை.

இந்தச் சீட்டிலிருந்து வரும் வருமானம் இல்லாவிட்டால் பல பண்ணைக் குடும்பங்களுக்கு எல்க் மான் ஒரு சுமை மட்டுமே. சுமையாகத் தோன்றும் விலங்கை யாரும் நெடுநாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். நிலத்தைத் துண்டு போட்டு முப்பத்தைந்து ஏக்கர் மனைகளாக விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விடுவார்கள். அப்படி விற்கப்பட்ட பள்ளத்தாக்குகளை நான் பார்த்திருக்கிறேன். வீடு, நாய், பாதை, விளக்கு என்று வந்த பிறகு அங்கே குளிர்கால மேய்ச்சல் என்ற ஒன்று திரும்பவே இல்லை. உரிமக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த நிலத்தை மீட்டுத்தர முடியாது. நில உடைமையாளர் சலுகையைக் குறைக்கச் சொல்பவர்கள் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுமொழி 3: கற்கோட்டை (மொன்டானா)

கொலராடோ நண்பர் சொல்லும் வேலிச் செலவையும் உலர்புல் இழப்பையும் நான் மறுக்கவில்லை. மறுப்பது ஒன்றே ஒன்றை: அந்தச் செலவுக்கு ஈடாக மாநிலம் பணத்தைத் தராமல், மக்கள் அனைவருக்கும் உரிய விலங்கைச் சுடும் வாய்ப்பை விற்கும் உரிமையைத் தருவது.

கொலராடோவின் சில வேட்டைப் பகுதிகளில் சிறந்த எல்க் உரிமத்துக்காகச் சாதாரண வேட்டைக்காரர் குலுக்கலில் கிடைக்காமல் போகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தரப்படும் முன்னுரிமைப் புள்ளிகளைச் சேர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார். அதே பகுதியின் சீட்டைப் பல ஆயிரம் டாலர் கொடுத்து ஒருவர் அதே ஆண்டில் வாங்கிக்கொள்ள முடியும். நியூ மெக்சிகோவில் தனியார் நிலத்துக்கான எல்க் அனுமதிகளும் அவ்வாறே வெளிச்சந்தையில் விலை போகின்றன. ஒரே விலங்கு, ஒரே மாநிலம். ஒருவருக்கு இருபது ஆண்டு வரிசை, இன்னொருவருக்கு ஒரு காசோலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சந்தைக்காக வேட்டையாடி விலங்குகளை அழித்த நினைவிலிருந்துதான் இந்த நாட்டின் வேட்டைச் சட்டங்கள் பிறந்தன. வேட்டைப் பொருளைச் சந்தையிலிருந்து விலக்கி வைத்ததே அவற்றின் உயிர்நாடி. இறைச்சியை விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டு, இறைச்சி ஆகப்போகும் விலங்கைச் சுடும் சீட்டை விற்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மொன்டானாவிலும் நில உடைமையாளருக்கு முன்னுரிமை இருக்கிறது. குலுக்கலில் செல்லும் சிறப்பு அனுமதிகளில் 15 விழுக்காடு அவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. எல்க் மானுக்கு 640 ஏக்கர், மற்ற மானுக்கும் மான் போன்ற ஆன்டிலோப்புக்கும் 160 ஏக்கர் இருக்க வேண்டும். ஆனால் அதை வெளியாருக்கு விற்க முடியாது. உடைமையாளரோ, அவர் குடும்பத்தினரோ, அவரிடம் வேலை செய்பவரோ பயன்படுத்தலாம். நிலத்தோடு வாழ்பவருக்கு முதல் மரியாதை என்ற அளவில் இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

பண்ணைக்குப் பணம் சேர வேண்டும் என்றால் அதற்கும் இங்கே வழி இருக்கிறது. 1985-இல் தொடங்கிய ‘பிளாக் மேனேஜ்மென்ட்’ திட்டத்தில், தன் நிலத்தைப் பொதுமக்கள் வேட்டைக்குத் திறந்துவிடும் பண்ணைக்கு, அங்கே வேட்டையாட வந்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாநிலம் பணம் தருகிறது. ஏறக்குறைய எழுபது லட்சம் ஏக்கர் இவ்வாறு திறந்திருக்கிறது. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் மான், எல்க், ஆன்டிலோப் உரிமங்களோடு ஒரு சிறு கூப்பன் இணைந்தே வரும். யார் நிலத்தில் விலங்கு வீழ்ந்ததோ அவரிடம் வேட்டைக்காரர் அந்தக் கூப்பனைக் கொடுப்பார். அவர் அதைத் துறையிடம் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வார். தொகை பெரிதில்லை. ஆனால் குளிரில் கை நடுங்கக் கையொப்பமிட்டு அந்தத் தாளைப் பண்ணைக்காரர் கையில் கொடுக்கும்போது இருவருக்கும் இடையே ஒரு நன்றியுணர்வு பிறப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். மேற்கு மாநிலங்களின் பொதுநிலத்தில் ஒரு பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டு இரயில் பாதை மானியங்களால் சதுரங்கப் பலகை போலத் தனியார் கட்டங்களுக்கு இடையே சிக்கிக் கிடக்கிறது. வயோமிங்கின் எல்க் மலையில் ஒரு பொதுநிலக் கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுநிலக் கட்டத்தின் மூலைக்குத் தனியார் நிலத்தில் கால் வைக்காமல் ஏணி வைத்துக் கடந்த வேட்டைக்காரர்கள் மீது நில உடைமையாளர் தொடுத்த வழக்கில், 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதற்கு அடிப்படையாக இருந்தது 1885-ஆம் ஆண்டின் சட்டவிரோத வேலிகள் குறித்த சட்டம். மொன்டானா அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது. ஆகவே எங்கள் ஊரில் அந்த மூலை இன்றும் மூடியே கிடக்கிறது. நில உடைமையாளரின் உண்மையான சலுகை இலவச உரிமம் அன்று. தன் நிலத்துக்கு அப்பால் கிடக்கும் பொதுநிலத்தையும் பூட்டிவைக்க முடிவதே அது. மேழி அவர்களின் 74 ஏக்கரில் அப்படி ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் மனச்சான்றோடு கேட்டிருப்பதால்தான் முழுப் படத்தையும் வைக்கிறேன்.

மறுமொழி 4: புல்லாங்காடு (கொலராடோ)

கற்கோட்டை அவர்களின் சந்தை பற்றிய வாதம் வலுவானது. அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் மொன்டானாவின் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். பெரும் பங்கு வெளிமாநில வேட்டைக்காரரிடமிருந்து வருகிறது. 2010-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 161-ஆம் முன்மொழிவு வெளிமாநிலத்தாரின் பெருவிலங்கு உரிமக் கட்டணத்தை 628 டாலரிலிருந்து 897 டாலராக உயர்த்தியது. மொன்டானாவில் வசிப்பவர் செலுத்துவது அதில் மிகச் சிறு பகுதி. உள்ளூர் மக்கள் தங்களுக்குக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளாமல், வாக்குரிமை இல்லாத வெளியூர்க்காரர் மேல் சுமத்துவதும் ஒரு வகைச் சலுகைதானே? அந்த வெளியூர்க்காரர் வேட்டையாட வருவது பெரும்பாலும் தேசியக் காட்டில். அது அவருக்கும் சொந்தமான நிலம்.

மறுமொழி 5: கற்கோட்டை (மொன்டானா)

உண்மை. இதையும் உச்ச நீதிமன்றம் 1978-இல் பால்ட்வின் வழக்கில் எங்கள் மாநிலத்தைப் பற்றியே ஆராய்ந்தது. அப்போது எல்லா விலங்குகளுக்குமான கூட்டு உரிமம் உள்மாநிலத்தாருக்கு 30 டாலர், வெளிமாநிலத்தாருக்கு 225 டாலர். பொழுதுபோக்கான வேட்டை அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றன்று, ஆகவே இந்த வேறுபாடு செல்லும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சட்டப்படி செல்லும் என்பதால் அது நல்ல கொள்கை ஆகிவிடாது. இங்கே வாழ்பவன் ஆண்டு முழுவதும் மாநில வரி கட்டி, இந்தக் குளிரைத் தாங்கி, குறைந்த கூலியில் இங்கே இருக்கிறான் என்ற நியாயம் ஓரளவுக்குச் செல்லும். இன்றிருக்கும் இடைவெளி முழுவதையும் அது தாங்காது. எங்கள் கட்டணம் உயர வேண்டும் என்று நான் உள்ளூர்க் கூட்டங்களில் எழுந்து சொல்லியிருக்கிறேன். கைதட்டல் கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் 1999-இல் உயர்ந்த உள்மாநில உரிமக் கட்டணம் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் சட்டமன்றத்தின் கையில் அசையாமல் நின்றது. விலைவாசி மட்டும் நிற்கவில்லை.

மறுமொழி 6: நீர்க்கோழி (மிசோரி)

நான் வேட்டையாடுபவள் அல்லள். பறவைகளைப் பார்ப்பவள். ஆனாலும் இந்த உரையாடலில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பறவை பார்க்கச் செல்லும் ஈரநிலங்கள் வேட்டைக்காரர்களின் பணத்தில் வாங்கப்பட்டவை. வாத்து வேட்டைக்காரர்கள் வாங்கியே ஆக வேண்டிய நடுவண் அரசின் வாத்து முத்திரை 1934-இல் ஒரு டாலருக்கு அறிமுகமானது, இன்று 25 டாலர். அதில் டாலருக்கு 98 காசு வாழிடத்துக்கே போகிறது. நானும் ஆண்டுதோறும் ஒன்று வாங்குகிறேன். வேட்டையாடாதவர்களும் அதை வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் ஒரே தட்டில் உள்ள சோற்றை எப்படிப் பங்கிடுவது என்று பேசுகிறீர்கள். அந்தத் தட்டே சிறுத்துவருகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் இருந்த உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை பின்னர் சரிந்தது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் வேட்டையாடியோர் ஒரு கோடியே பதினைந்து லட்சம். வனவுயிர்களைக் கண்டு மகிழ்வோர் எட்டுக் கோடியே அறுபது லட்சம். இந்த எட்டுக் கோடிப் பேரில் பெரும்பாலோரிடம் வனவுயிர்த் துறைக்கென்று நேராக எதுவும் வாங்கப்படுவதில்லை. நில உடைமையாளர் கட்டாததைப் பற்றி மேழி அவர்களின் நண்பர் வருந்துகிறார். என்னைப் போன்றவர்கள் கட்டாததைப் பற்றி அவர் இன்னும் வருந்தியிருக்க வேண்டும்.

மிசோரி மக்கள் இதற்கு ஒரு விடை கண்டார்கள். 1976-இல் மாநில அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே, விற்பனை மீது ஒரு விழுக்காட்டின் எட்டில் ஒரு பங்கு வரி விதித்து, அதை இயற்கைவளப் பாதுகாப்புத் துறைக்கென்று ஒதுக்கினார்கள். எட்டு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு காசு. வேட்டைக்காரர், நில உடைமையாளர், நகரத்தில் மாடி வீட்டில் வாழ்பவர் என்று வேறுபாடில்லாமல் எல்லோரும் தருகிறார்கள். அரசியல் சட்டத்திலேயே இருப்பதால் சட்டமன்றம் ஒவ்வோர் ஆண்டும் கைவைக்க முடியாது. ஆர்கன்சா 1996-இல் அதே அளவில் தன் திருத்தத்தைக் கொண்டுவந்தது. மினசோட்டா 2008-இல் ஒரு விழுக்காட்டின் எட்டில் மூன்று பங்கு என்று தொடங்கி, அதில் நீர், வாழிடம், பூங்கா, கலை ஆகியவற்றுக்குப் பிரித்துத் தருகிறது. ஜார்ஜியா 2018-இல் வேறு வழியில் சென்று, வெளிப்புற விளையாட்டுப் பொருள்களின் விற்பனை வரியிலிருந்து ஒரு பகுதியை நிலப் பாதுகாப்புக்குத் திருப்பியது.

நாடு முழுவதற்குமாக மாநிலங்களுக்கு ஆண்டுக்கு நூற்று முப்பது கோடி டாலர் வரை வழங்க வகைசெய்யும் மசோதா 2022 ஜூன் மாதம் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. சுடப்படாத விலங்குகளுக்கு, அதாவது தவளைக்கும் வௌவாலுக்கும் நன்னீர்ச் சிப்பிக்கும், இன்றும் மிகக் குறைந்த பணமே போகிறது. மானுக்கும் வான்கோழிக்கும் உரிமம் உண்டு. சிப்பிக்கு யார் உரிமம் வாங்குவார்கள்?

நில உடைமையாளர் சலுகை பற்றி எங்கள் மாநிலம் செய்த ஒரு சிறு மாற்றத்தையும் குறிப்பிடுகிறேன். ஐந்து ஏக்கர் வைத்திருந்தாலே மானுக்கும் வான்கோழிக்கும் இலவச அனுமதி என்றிருந்ததை 2020-இல் இருபது ஏக்கர் என்று உயர்த்தினார்கள். மான் வாழ இடம் தருபவருக்குச் சலுகை, வீட்டின் பின்னால் ஐந்து ஏக்கர் புல்தரை வைத்திருப்பவருக்கு இல்லை என்பதுதான் அதன் பொருள் என்று நான் புரிந்துகொள்கிறேன். எரிச்சல்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் சலுகைக்கு வாழிடமே அளவுகோல் என்ற எண்ணம் சரியான திசையில் வைத்த அடி. மேழி அவர்களின் 74 ஏக்கர் எங்கள் மாநிலத்திலும் தகுதி பெற்றிருக்கும்.

மறுமொழி 7: வரப்பு (வர்ஜீனியா)

நீர்க்கோழி அவர்கள் சொல்வதை ஏற்கிறேன், ஓர் எச்சரிக்கையோடு. பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: உரிமக் கட்டணத்தை வனவுயிர்த் துறையின் பணிகளுக்கு அன்றி வேறெதற்கும் திருப்பாத மாநிலத்துக்கே நடுவண் பணம் கிடைக்கும். வறட்சி வந்தாலும் சாலை இடிந்தாலும் சட்டமன்றம் அந்தப் பெட்டியைத் திறக்கத் துணியாமல் இருப்பதற்கு அதுவே காரணம். பொது வரியிலிருந்து வரும் பணத்துக்கு அத்தகைய பூட்டு தானாக வராது. மிசோரியைப் போல அரசியல் சட்டத்திலேயே எழுதினால் உண்டு. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கெஞ்சி வாங்கும் பணமாக இருந்தால் அது நல்ல ஆண்டில் வரும், கெட்ட ஆண்டில் மறையும். வாழிடப் பணிகள் இருபது முப்பது ஆண்டுகள் ஓடுபவை. அவற்றை அப்படி நடத்த முடியாது.

மேழி (ஓஹாயோ)

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வயலோரம் நடந்துகொண்டே எல்லாவற்றையும் திரும்ப எண்ணிப் பார்த்தேன். காட்டின் வடக்குச் சரிவில் மான்கள் படுத்த தடங்கள் பதினொன்று எண்ணினேன். அவற்றுக்கு இடம் தருகிறேன் என்பது உண்மை. அந்த அளவுக்கு என் சலுகைக்கு அடிப்படை இருக்கிறது என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் கட்டண விலக்கு அந்த நன்றியைச் சொல்லும் தவறான வழி என்று வரப்பு அவர்களின் கணக்கைப் படித்த பிறகு தோன்றுகிறது. என் தலை எண்ணிக்கையில் ஏறாமல் போவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். சட்டப்படி தேவையில்லாத ஒருவர் விரும்பி உரிமம் வாங்கினால் அது கணக்கில் சேருமா?

மறுமொழி 8: வரப்பு (வர்ஜீனியா)

சேரும். நீங்கள் எங்கே வேட்டையாடுகிறீர்கள், சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தியதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் பார்க்கப்படுவதில்லை. பணம் கொடுத்து உரிமம் வாங்கியவரா என்பதே பார்க்கப்படும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். சொந்த நிலத்தில் விலக்கோடு வேட்டையாடும்போது பயிற்சிச் சான்று கேட்க மாட்டார்கள். முதல்முறை வழக்கமான உரிமம் வாங்கும்போது வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்த சான்று வேண்டும். பருவம் நெருங்கினால் வகுப்புகள் நிறைந்துவிடும்.

மேழி (ஓஹாயோ)

இந்த மாத இறுதியில் நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நண்பரிடமும் பேசினேன். நவம்பர் இறுதியில் துப்பாக்கிப் பருவம் தொடங்கும்போது கிழக்கு வயலோரத்தில் அவரும், வடக்குச் சரிவில் நானும் அமர்வதாக ஏற்பாடு. அவருக்கான எழுத்து அனுமதியில் இன்று காலை கையொப்பமிட்டேன்.